கழுத்துத் தாங்கி

"எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம்" என்பது நம் நாட்டுப் பழமொழி. சிரசின் பெருமையைப் பேசாதார் இலர். ஆயின் அச்சிரசைத் தாங்கி நிற்கும் கழுத்தைப் பற்றி, அதற்கு ஓர் ஊறு நேருமளவும், நினைப்பார் மிகச் சிலரே. மாலை சூடுதற்கும் பொன்னணி பூணுதற்கும் உரிய இடமாகவே அதனை எண்ணிவிடுகிறோம். ஊறு நேர்ந்தபின் அவ்விடத்தில் ஏறுவது மாலையன்று. நுரையாலும் பிளாஸ்டிக்காலும் ஆகிய ஒரு பட்டை. வைத்தியர் அதனைக் காலர் என்பர்; மருந்துக் கடைக்காரர் கழுத்து பெல்ட் என்பர். யாம் இக்கட்டுரையில், அதன் தொழில் இனிது விளங்குமாறு, கழுத்துத் தாங்கி என்றே வழங்குவோம்.

இப்பொருளைப் பற்றி எழுத எம்மைத் தூண்டியது ஒரு பேருந்துப் பயணமாகும். ஓசூரினின்றும் கிருஷ்ணகிரிக்குச் செல்லுங்கால் எம் அருகே ஒரு தொழிலாளி அமர்ந்திருந்தார். அவர் கழுத்தில் ஒரு நுரைப்பட்டை இருந்தது. அஃது அவருக்கு மிகப் பெரிது. மோவாய் அதனுள் அமிழ்ந்து கிடந்தது. சூளகிரி மலை வந்தபோது அதனைக் காண அவர் தலையைத் திருப்பினார். பட்டை நின்ற இடத்திலேயே நின்றது. தலை மாத்திரம் அதனுள்ளே தடையின்றித் திரும்பிற்று. எத்தனை நாளாக இதனை அணிந்திருக்கிறீர் என வினவினோம். "எட்டு மாசம் ஆச்சுங்க. கழட்டினா கழுத்து நிக்காதோன்னு பயமா இருக்குங்க" என்றார்.

அவருடைய மறுமொழி எம் மனத்தை விட்டு அகலவில்லை. தாங்க வேண்டியதைத் தாங்காத கருவி ஒருபுறம். அது தாங்குகின்றது என்னும் நம்பிக்கை மற்றொரு புறம். நல்ல தாங்கி எவ்வாறு அமைய வேண்டும்? அது யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டா? இவ்விரண்டனையும் படித்தவர் அறிந்து பிறர்க்கும் எடுத்துரைப்பாராயின், அத்தொழிலாளி போன்றார் பலர்க்குப் பயன் விளையும் என்னும் கருத்தினால் இதனை எழுதலுற்றோம்.

1. கழுத்தின் இயல்பு

மனிதனுடைய கழுத்தில் உள்ள முள்ளெலும்புகள் ஏழு. நெடுங்கழுத்துடைய ஒட்டகச்சிவிங்கிக்கும் அவை ஏழேயாகும் என்பது வியக்கத்தக்கது. இவ்வேழு எலும்புகளின்மேல் அமர்ந்திருக்கும் நம் தலையின் எடை ஏறக்குறைய 4½ முதல் 5 கிலோகிராம் வரை இருக்கும். நடுத்தரமான ஒரு பூசணிக்காயின் எடை எனலாம்.

பௌதிக நூல் பயிலும் மாணவர் நெம்புகோலின் மூவகைகளை அறிவர். அவற்றுள் முதல்வகைக்குத் தலையே சிறந்த உதாரணம். மண்டையோடு முதல் முள்ளெலும்பின்மேல் தங்கும் இடம் ஆதாரப் புள்ளி. தலையின் எடை அப்புள்ளிக்குச் சிறிது முன்னே விழுகின்றது. பிடரியின் தசைகள் பின்னே நின்று இழுக்கின்றன. வகுப்பில் உறங்குகிறவனுடைய தலை பெரும்பாலும் முன்புறமாகச் சாய்வதன் காரணம் இதுவே. தலையை எவ்வளவு குனிகிறோமோ அவ்வளவு எடையின் கை நீளும். பிடரித் தசைகளின் உழைப்பும் மிகும்.

ஏழு எலும்புகளுள் முதலிரண்டும் தனிச்சிறப்புடையன. முதலாவதனை அட்லஸ் என்றும், இரண்டாவதனை ஆக்சிஸ் என்றும் மேனாட்டார் பெயரிட்டனர். ஆம் என்று தலையசைத்தல் பெரும்பாலும் மண்டையோட்டிற்கும் அட்லசுக்கும் இடையே நிகழ்வது. அன்று என்று தலையைத் திருப்புதலில் ஏறத்தாழப் பாதி அட்லசுக்கும் ஆக்சிசுக்கும் இடையே நிகழ்வது. எஞ்சிய அசைவினைக் கீழுள்ள எலும்புகள் தம்முள் பகிர்ந்துகொள்கின்றன. தாங்கி அமைப்போர் இதனை மறத்தலாகாது. கழுத்தின் மேற்பகுதியை அசையாமற் செய்தல் ஒரு தொழில். கீழ்ப்பகுதியை அசையாமற் செய்தல் வேறொரு தொழில்.

இவ்வெலும்புகளின் நடுவே ஓடும் குழாயினுள் சுண்டுவிரற் பருமனுள்ள தண்டுவடம் செல்கின்றது. கைகால்களை இயக்கும் கட்டளைகளும், உடல் உணரும் உணர்ச்சிகளும் அதன் வழியே செல்வன. மூச்சுவிடுதற்கு இன்றியமையாத உதரவிதானத்தை இயக்கும் நரம்பு, கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் நரம்பு வேர்களினின்றும் புறப்படுகின்றது. ஆகவே அவ்விடத்திற்கு மேலே தண்டுவடம் முற்றும் அறுபடின் மூச்சே நின்றுவிடும். எலும்பு முறிந்தும் தண்டுவடம் கெடாதிருக்கும் மனிதன் ஒரு நூலிழையில் நிற்கின்றான். அவனைத் தூக்குவோர் கைகளே அவ்விழையைக் காப்பனவும் அறுப்பனவும் ஆகும்.

2. பழங்காலத்து முயற்சிகள்

கழுத்தெலும்பு பிசகியதன் குறிகளைப் பண்டை எகிப்தியர் அறிந்திருந்தனர். எட்வின் ஸ்மித் சுவடி என வழங்கும் பழைய மருத்துவ ஏடு, ஏறக்குறைய கி.மு. 1600-இல் எழுதப்பெற்றது. கழுத்தெலும்பு பிசகிக் கைகால் உணர்விழந்தவனுடைய நோயை, மருந்து செய்யலாகாத நோய்களுள் ஒன்றாக அவ்வேடு வைத்தது. அதற்குப்பின் பல நூற்றாண்டுகள் கழிந்தும் அத்தீர்ப்பு பெரிதும் மாறவில்லை.

கைகால் எலும்பு முறிவுக்கு மூங்கிற்பத்தை வைத்துக் கட்டும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. புத்தூர்க்கட்டு என்னும் பெயரைக் கேளாத தமிழர் சிலரே. முறிந்த எலும்பு கூட வேண்டுமாயின் அதன் மேலுள்ள மூட்டும் கீழுள்ள மூட்டும் அசையாதிருத்தல் வேண்டும் என்பது முறிவு வைத்தியத்தின் பொதுவிதி. முன்கைக்கு இவ்விதியை எளிதிற் பொருத்தலாம்; முழங்கையையும் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டிவிடலாம். கழுத்துக்கு எவ்வாறு பொருத்துவது? கழுத்தின் மேலுள்ளது மண்டை, கீழுள்ளது மார்பு. ஆதலின் கழுத்துத் தாங்கி உண்மையிற் கழுத்தைக் கட்டுவதன்று. மண்டையையும் மார்பையும் ஒன்றோடொன்று பிணைப்பதாகும்.

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் வாழ்ந்த ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891) என்னும் வைத்தியர் இதனைத் தெளிவுறக் கண்டவர்களுள் ஒருவர். க்ஷயரோகம் முதுகெலும்பையும் கழுத்தெலும்பையும் அரித்துத் தின்ற காலம் அது. அந்நோய்க்கு மருந்தில்லாதபோது, நோயுற்ற எலும்புக்கு ஓய்வு கொடுத்தலே சிகிச்சையாயிருந்தது. தகட்டினாலும் தோலினாலும் ஆகிய அவருடைய கழுத்துப்பட்டை அவ்வோய்வுக்காகவே செய்யப்பெற்றது. அவர் கால்முறிவுக்கென அமைத்த தாமஸ் சட்டம் முதலாம் உலகப்போரில் பல வீரர்களைக் காத்ததென்பதை வரலாறு கூறும்.

1850-களில் பாரிஸ் சாந்து தோய்த்த கட்டுத்துணி வழக்கிற்கு வந்தபின், தலையிலிருந்து இடுப்பளவும் சாந்துக் கவசம் போர்த்தும் முறையும் உண்டாயிற்று. ரோமரின் தெய்வமாகிய மினர்வாவின் தலைக்கவசத்தை ஒத்திருந்தமையின் அதற்கு மினர்வாக் கவசம் என்று பெயரிட்டனர். அது நன்கு தாங்கிற்று. ஆயினும் அதன் கனத்தையும் புழுக்கத்தையும் நோயாளியே அறிவான்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனையில் வெர்னன் நிக்கல், ஜாக்குலின் பெர்ரி என்னும் இருவரும் வேறொரு வழி கண்டனர். இளம்பிள்ளை வாதத்தினாற் கழுத்துத் தசை செயலிழந்து, தலை நில்லாத நோயாளிகளுக்கென அவர்கள் ஒரு வளையத்தைத் தலையைச் சுற்றி அமைத்து, திருகூசிகளால் அதனை மண்டையோட்டின் வெளியோட்டிலேயே பொருத்தி, தண்டுகளால் மார்புக் கவசத்தோடு இணைத்தனர். அவர்கள் இதனை 1959-இல் வெளியிட்டனர். படங்களில் தெய்வத்தின் தலையைச் சூழ்ந்திருக்கும் ஒளிவட்டத்தை ஒத்திருத்தலின் இதற்கு ஹாலோ என்பது பெயர்.

3. தாங்கியின் இலக்கணம்

இனித் தாங்கியின் அமைப்பிற்கு உயிர்நாடியான விதியைக் கூறுவோம். கழுத்தின் முன்புறம் மூச்சுக்குழலும், அதன் பின்னே உணவுக்குழலும், இருபுறமும் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களும் மீட்டுக் கொணரும் குழாய்களும் உள்ளன. ஆகவே தாங்கியானது கழுத்தைத் தாங்க வேண்டும். ஆனால் கழுத்தை அழுத்தலாகாது. தொடக்கூடாத ஒன்றை அசையாமற் பிடித்தல் எங்ஙனம்?

விடை மேலே கூறிய பொதுவிதியிலேயே உள்ளது. பாரத்தை ஏற்கவல்ல உறுதியான இடங்கள் நான்கு. மேலே முன்புறம் மோவாய். மேலே பின்புறம் பிடரிக்கு மேலுள்ள மண்டையெலும்பு. கீழே முன்புறம் மார்பெலும்பின் மேற்பகுதி. கீழே பின்புறம் தோள்களும் முதுகின் மேற்பகுதியும். நல்ல தாங்கி இந்நான்கு இருக்கைகளிலும் செம்மையாக அமர்ந்து, நடுவேயுள்ள தொண்டையைத் தொடாது விடும். பிலடெல்பியா காலர் என்னும் வகையில் முன்புறத்தே ஒரு துவாரம் இருப்பதைக் காணலாம். அஃது அழகுக்காக வைத்ததன்று. மூச்சுத் தடைபட்ட நோயாளிக்குத் தொண்டையிற் குழல் செருக வேண்டின், தாங்கியைக் கழற்றாமலே செருகுதற்கு வைத்த வழியாகும்.

மாணவர் தம் அறையிலேயே செய்துபார்க்கத்தக்க ஒரு சிறு சோதனை உண்டு. நலமுள்ள நண்பர் ஒருவரின் கழுத்தில் ஒரு துண்டை இறுக்காமற் சுற்றி, தலையைத் திருப்பச் சொல்லுக. தலை எளிதாகத் திரும்பும். பின்பு துண்டை நீக்கிவிட்டு, ஒருவர் தம் இரு முன்கைகளையும் நண்பரின் மார்பிலும் முதுகிலும் ஊன்றி, ஓர் உள்ளங்கையை மோவாயின்கீழும் மற்றொன்றைப் பிடரியிலும் மெல்ல ஏந்துக. இப்போது திருப்பச் சொன்னால் தலை தயங்கி நிற்கும். முதலிற் கழுத்து முழுவதும் மூடப்பட்டிருந்தது, ஆயினும் பயனில்லை. பின்னர்க் கழுத்து முழுவதும் திறந்திருந்தது; ஆயினும் தாங்கப்பட்டது. பேருந்தில் எம்மோடு வந்தவருடைய பட்டை முன்னையதைச் சேர்ந்தது.

அடுத்தது அளவு. தோளின் மேல்வரம்பிலிருந்து மோவாயின் கீழ்வரம்பு வரையுள்ள உயரமே தாங்கியின் உயரத்தைத் தீர்மானிப்பது. தாங்கி உயரம் மிகின் தலை பின்னே மடங்கும். குறையின் மோவாய் உள்ளே அமிழும். இரண்டும் தீங்கே. கழுத்தின் சுற்றளவு இரண்டாவது அளவு. ஒருவர்க்கு வாங்கியதை மற்றொருவர்க்கு மாட்டுதல், ஒருவர் மூக்குக் கண்ணாடியை மற்றொருவர் அணிதலோடு ஒக்கும்.

மூன்றாவது அழுத்தம். ஒரு கிலோகிராம் பாரம் மோவாயில் 2 சதுர சென்டிமீட்டர் இடத்தில் விழுந்தால், சதுர சென்டிமீட்டருக்கு 500 கிராம் ஆகும். அதே பாரத்தை 20 சதுர சென்டிமீட்டரில் பரப்பினால் 50 கிராமே ஆகும். தோலினுள் ஓடும் நுண்ணிய குழாய்களில் இரத்தத்தின் அழுத்தம் மிகச் சிறிதாதலின், நெடுநேரம் ஓரிடத்தில் அழுந்திய தோல் இரத்தமின்றி வாடிப் புண்ணாகும். மோவாய், பிடரி, காது, காறையெலும்பு ஆகிய இடங்களில் இத்தகைய புண்கள் உண்டாகின்றன. ஆகவே தாங்கியின் வெளியோடு வன்மையாகவும் உள்ளணை மென்மையாகவும் இருத்தல் வேண்டும். மூடிய நுண்ணறைகளையுடைய பாலிஎத்திலீன் நுரை இத்தொழிலுக்கு மிகவும் ஏற்றது. எடை குறைந்தது, வியர்வையை உறிஞ்சாதது, கழுவத்தக்கது.

4. வகைகளும் அவற்றின் ஆற்றலும்

தாங்கிகள் தம் பெயரால் வாக்களிப்பதனை உண்மையில் நிறைவேற்றுகின்றனவா? 1977-ஆம் ஆண்டில் ஜான்சன் என்பவரும் அவர் துணைவரும் அமெரிக்காவில் நலமுள்ள மனிதர்க்குப் பலவகைத் தாங்கிகளை அணிவித்து, எக்ஸ்ரேப் படங்களின் துணையால் அசைவினை அளந்தனர். அவர்கள் கண்ட முடிபுகள் இன்றும் பாட நூல்களில் எடுத்தாளப்படுகின்றன.

மென்மையான நுரைப்பட்டை, முன்னும் பின்னும் அசைதலை நூற்றுக்கு ஏறக்குறைய 26 பங்கே தடுத்தது. இருபுறமும் திரும்புதலை 17 பங்கும், தோள்பக்கம் சாய்தலை 8 பங்குமே தடுத்தது. பிலடெல்பியா காலர் இவற்றை முறையே 71, 56, 34 பங்குகள் தடுத்தது. மோவாய்க்கும் பிடரிக்கும் தட்டுகள் வைத்து, நான்கு தண்டுகளால் மார்போடும் முதுகோடும் இணைத்த நாற்கால் தாங்கி 79, 73, 54 பங்குகள் தடுத்தது. ஹாலோ ஒன்றே 96, 99, 96 என்னும் அளவை எட்டிற்று.

இவ்வெண்களினின்றும் நாம் அறியத்தக்கவை இரண்டு. ஒன்று, மண்டையையும் மார்பையும் எவ்வளவு உறுதியாகப் பற்றுகிறதோ அவ்வளவே தாங்கியின் ஆற்றல். மற்றொன்று, தோலின் மேல் அணியும் தாங்கி எதுவும் கழுத்தை முற்றும் அசையாமற் செய்வதில்லை. தோலுக்கும் எலும்புக்கும் நடுவே தசை நெகிழ்கின்றது. அங்ஙனமாயின் நுரைப்பட்டையால் பயனே இல்லையோ எனின், உண்டு. அது வெம்மை தருகின்றது. அசைக்காதே என்று அணிந்தவர்க்கு நினைவூட்டுகின்றது. நினைவூட்டும் கருவியைத் தாங்கும் கருவியென எண்ணுதலே பிழை.

5. எல்லைப்புறத்தின் தேவைகள்

இனி, இக்கருவி யாருக்கு வேண்டியிருக்கின்றது என்பதை நம் அண்டையிலுள்ள ஒரு பகுதியைக் கொண்டு காண்போம். கர்நாடக எல்லையையொட்டிய ஓசூர் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டையைப் பெற்றது. 1980-இல் இருவர் செல்லத்தக்க டிவிஎஸ் மொபெட் வண்டி அங்கிருந்தே வெளிவந்தது. அசோக் லேலண்டு ஆலையும் அவ்வாண்டிலேயே தோன்றிற்று. பின்னர் டைட்டன் கைக்கடிகாரங்கள் வந்தன. 2004-இல் தருமபுரியினின்றும் பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று.

இத்தகைய பகுதியிற் கழுத்துக்கு ஊறு விளைக்கும் வாயில்கள் பல. காச்மீரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி வழியே செல்கின்றது. கிருஷ்ணகிரியிற் சென்னை, சேலம், பெங்களூரு, திருவண்ணாமலை, குப்பம் ஆகிய ஊர்களின் சாலைகள் கூடுகின்றன. கனரக லாரிகளும் இருசக்கர வண்டிகளும் ஒரே சாலையில் விரைகின்றன. மாந்தோப்புகளில் மரமேறுவோரும், கருங்கற் சுரங்கங்களில் உழைப்போரும், கட்டடச் சாரங்களில் நிற்போரும் தவறி விழுதல் உண்டு. நாள் முழுவதும் குனிந்து நுண்பொருள்களைப் பொருத்தும் தொழிலாளர்க்கு முறிவில்லாத கழுத்துவலி உண்டு. முதலிருவகையார்க்கு வேண்டிய தாங்கி வேறு. மூன்றாம் வகையார்க்கு வேண்டியது பெரும்பாலும் தாங்கியே அன்று, இருக்கையின் உயரத்தையும் மேசையின் சாய்வையும் திருத்துதலாகும்.

தாங்கி அமைப்போர் இப்பகுதி மக்களின் வாழ்க்கையை நோக்கினால் மேனாட்டு நூல்களிற் காணாத சில தேவைகளை அறிவர்.

முதலாவது மொழி. ஓசூரிற் தமிழும் தெலுங்கும் கன்னடமும் வழங்குகின்றன; வடநாட்டிலிருந்து வந்த தொழிலாளர் தத்தம் மொழி பேசுகின்றனர். ஆங்கிலத்தில் அச்சிட்ட குறிப்புத்தாள் இவர்களுக்கு யாது பயன் தரும்? முன்பாகம் எது, பின்பாகம் எது, மேற்புறம் எது என்பன தாங்கியின்மேலேயே படத்தாலும் அம்புக்குறியாலும் பொறிக்கப்படுதல் வேண்டும். தலைகீழாக அணிந்த தாங்கி அணியாததினும் கொடிது.

இரண்டாவது வெயில். ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருத்தலின் குளிர்ச்சியுடையது. மலைச்சரிவில் இறங்கிக் கிருஷ்ணகிரியை அடைந்தால் வெம்மை மிகும். மேலே பொறுக்கத்தக்க தாங்கி கீழே வியர்த்துப் புழுங்கும். புழுங்கினால் நோயாளி அதனைக் கழற்றிவிடுவான். ஆகவே காற்றுத் துவாரங்களும், கழுவி உலர்த்தி மாற்றுதற்கு இரண்டு கூட்டு அணைகளும் வேண்டும். அணையை மாற்றுங்கால் நோயாளி படுத்திருக்க, மற்றொருவர் தலையைப் பிடித்துக்கொள்ளுதல் வேண்டும்.

மூன்றாவது பழக்க வழக்கம். பெண்டிர் கொண்டையும் பின்னலும் பிடரியில் அமர்ந்தால் தாங்கியின் பின்பாகம் மண்டையோடு பொருந்தாது; கூந்தலை மேலே தூக்கியோ பக்கத்தே ஒதுக்கியோ முடிய வேண்டும். தாலிச்சரடும் சங்கிலியும் தாங்கியின்கீழ் அழுந்திப் புண் செய்யும். அவற்றைப் பற்றிக் குடும்பத்தாரிடம் மரியாதையாகப் பேசி இணங்கச் செய்தல் வேண்டும். தரையில் அமர்ந்து உண்ணும் வழக்கமுடையார்க்குத் தாங்கி அணிந்தபின் தம் இலையைத் தாமே காண இயலாது. உயர்ந்த பலகை வேண்டும். படியிறங்குங்கால் தம் பாதங்கள் தெரியா. கைப்பிடித்து நடத்துவார் வேண்டும். இருசக்கர வண்டி ஓட்டுதல் ஒருபோதும் ஆகாது. பக்கம் திரும்பிப் பார்க்கவொண்ணாதவன் சாலையில் தனக்கும் பிறர்க்கும் அபாயமாவான்.

நான்காவது பயணம். ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மூளைக்கும் தண்டுவடத்திற்கும் சிகிச்சை செய்யும் நிம்ஹான்ஸ் நிலையம் பெங்களூரில் ஓசூர்ச் சாலையிலேயே உள்ளது. கிருஷ்ணகிரியில் அரசினர் மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பெற்றது. 108 ஆம்புலன்ஸ் வண்டிகள் தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகின்றன. விபத்துற்றார்க்கு முதல் 48 மணிநேரம் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு 2021-இல் தொடங்கிற்று. இவ்வளவு வசதிகள் இருந்தும், சாலையோரத்தில் வீழ்ந்தவனை முதலில் தொடுவோர் வழிப்போக்கரே. ஒருவர் தோளையும் ஒருவர் காலையும் பற்றி, தலை தொங்க, ஆட்டோவில் மடித்து ஏற்றும் காட்சியை நாம் கண்டதில்லையா? அவர்கள் அன்பினாற் செய்வது அவனை ஆயுள் முழுதும் முடவனாக்கிவிடக்கூடும். தீயோ வண்டியோ நெருங்கும் அபாயம் இல்லையாயின் அவனை அசைக்காது, இருபுறமும் கைகளால் தலையை நேர்நிறுத்தி, பேச்சுக் கொடுத்து, 108-ஐ அழைத்தலே தக்கது. தாங்கி வந்தபின்னும் அது தனியே போதாது. உடல் முழுவதும் பலகையில் கிடத்தப்பட்டு, தலையின் இருமருங்கும் அணை வைத்து வாரால் பிணிக்கப்படுதல் வேண்டும்.

6. மிகையும் தீது

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது தாங்கிக்கும் பொருந்தும். இறுகிய தாங்கி கழுத்தின் இரத்தக் குழாய்களை நெருக்கினால் தலையினின்றும் இரத்தம் மீள்வது தடைப்பட்டு மண்டையினுள் அழுத்தம் உயரும். தலைக்காயம் உற்றவனுக்கு இது தீங்கு. முதுகெலும்பு முழுவதும் இறுகி வளைந்த முதியோரின் கழுத்தை வலிந்து நிமிர்த்தித் தாங்கியுள் புகுத்தினால், முறியாததும் முறியும். விழுங்குதல் கடினமாகும். இக்காரணங்களால் விபத்துற்றார் எல்லார்க்கும் கடினத் தாங்கியை அணிவிக்கும் பழைய வழக்கம் சில நாடுகளில் இப்போது தளர்ந்து வருகின்றது.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி, அடிபட்டுக் கழுத்தைப் படம் பிடிக்கப்பெற்ற 34,069 பேரை ஆராய்ந்தது. அவருள் கழுத்தெலும்பில் ஊறு காணப்பட்டோர் 818 பேரே. அதாவது நூற்றுக்கு மூவரினும் குறைவு. அம்மூவரைத் தவறவிடலாகாது என்பதற்காகவே மற்றையோரும் முதலிற் காக்கப்படுகின்றனர். ஊறு இல்லையெனத் தெளிந்தபின் தாங்கியைக் கழற்றுதலும் சிகிச்சையின் பகுதியே. முறிவின்றி வெட்டியிழுப்பால் உண்டாகும் கழுத்துவலிக்குத் தாங்கியினும் விரைவில் மெல்ல அசைத்தலும் வழக்கமான வேலைக்கு மீளுதலுமே நன்று என 1995-இல் கனடாவின் கியூபெக் அறிஞர் குழுவும் கூறிற்று. உழைக்காத தசை மெலியும். மெலிந்த தசை தலையைத் தாங்காது. தாங்காமையைக் கண்டு அஞ்சி மீண்டும் பட்டையை அணிவர். எம் பேருந்துத் தோழர் சொன்ன அச்சம் இவ்வகையில் வளர்ந்ததாகலாம்.

7. வேலூர் கற்பித்த பாடம்

கிருஷ்ணகிரியினின்றும் கிழக்கே சென்னைச் சாலையிற் சென்றால் வேலூரை அடையலாம். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் வைத்தியராயிருந்த மேரி வர்கீஸ் என்னும் அம்மையார் 1954-இல் ஒரு சாலை விபத்திற் சிக்கினார். தண்டுவடம் ஊறுபட்டு, இடுப்பிற்குக்கீழ் உடல் செயலிழந்தது. அவருக்கு ஊறு நேர்ந்தது கழுத்தில் அன்று. ஆகவே கைகள் பிழைத்தன. அக்கைகளைக் கொண்டே அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்து, டாக்டர் பால் பிராண்டின் வழிகாட்டுதலில் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின் நியூயார்க்கு நகரில் மறுவாழ்வு மருத்துவம் கற்று மீண்டு, அத்துறையை வேலூரில் வளர்த்தார். 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

அவர் வாழ்க்கையை இங்குக் கூறியதன் காரணம் யாதெனின், தண்டுவடத்திற் சில அங்குல வேறுபாடு ஒரு மனிதனுடைய கைகளைக் காப்பதும் பறிப்பதும் ஆகும் என்பதை அது காட்டுகின்றது. அன்றியும், கருவி மனிதனுக்காக அமைய வேண்டுமேயன்றி மனிதன் கருவிக்காக அன்று என்பதும் அதனால் விளங்கும். தாங்கியும் அத்தகையதே. அதன் வெற்றியைத் தடுத்த அசைவின் கணக்கால் மாத்திரம் அளத்தல் போதாது. அதனை அணிந்தவர் உண்டாரா, உறங்கினாரா, புண்படாது நாளைக் கழித்தாரா என்பதனாலும் அளத்தல் வேண்டும்.

அச்சு வார்த்தலும், பிளாஸ்டிக் உருக்கி ஊற்றுதலும், நுரை வெட்டுதலும் ஓசூர்த் தொழிலாளர்க்குக் கைவந்த கலைகள். அக்கைகளும், வைத்தியரின் அறிவும், நோயாளியின் சொல்லும் ஒரு மேசையைச் சுற்றிக் கூடுமாயின், நம் மக்களின் மோவாய்க்கும் நம் நாட்டு வெயிலுக்கும் பொருந்திய தாங்கிகள் நம்மிடையே தோன்றுதல் அரிதன்று. பொறியியலும் மருத்துவமும் பயிலச் செல்லும் நம் மாணவர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

கிருஷ்ணகிரிப் பேருந்து நிலையத்தில் அத்தொழிலாளியும் யாமும் இறங்கினோம். பட்டையைக் கழற்றிவிடுமாறு அவரிடம் யாம் கூறவில்லை; அதனைக் கூறும் உரிமை எமக்கில்லை. அதனை அணியச் சொன்ன வைத்தியரிடமே மீண்டும் சென்று மூன்று கேள்விகள் கேட்குமாறு வேண்டினோம். "இதை எதுக்குப் போட்டிருக்கேன்? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போடணும்? எப்போ கழட்டணும்?" என்று அவரே அவற்றைத் தம் விரல்களில் எண்ணிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கழுத்துத் தாங்கி அணிந்த உறவினரோ நண்பரோ உடைய ஒவ்வொருவரும் இம்மூன்றனையும் கேட்டறிவாராயின், இக்கட்டுரை எழுதிய பயனை யாம் பெற்றோம் ஆவோம்.